மதுரையில் மறைந்து நிற்பவை



மதுரைக்கு வருவோர் மீனாட்சியம்மன் கோயிலைத் தொழுவர். திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு வியப்பர். பின்னர் புகைவண்டி ஏறிவிடுவர். மாணவர்களாகிய உங்களை இன்று வேறு சில தெருக்களுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

விளக்குத்தூணுக்கு அருகே துணிக்கடைகள் நெருங்கிய சந்து ஒன்று உண்டு. பத்துத்தூண் சந்து என்பது அதன் பெயர். முதன்முறை அங்குச் சென்றபோது, தூண்கள் எங்கே என்று ஒரு கடைக்காரரை வினவினேன். அவர் வாய் திறவாமல் மேலே கை காட்டினார். நிமிர்ந்து நோக்கினேன். கடைப் பந்தல்களுக்கு மேலே, பருத்துயர்ந்த கல் தூண்கள் வரிசையாக நின்றன. அவை தாங்குவதற்கு ஒரு கூரையும் இல்லை. அத்தூண்களுள் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டே நான் வழி கேட்டிருக்கிறேன்!

1636-இல் எழுந்த அரண்மனை, இன்று காண்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரந்திருந்தது என்பர். அதன் சொர்க்க விலாசம் எஞ்சியது. ரங்க விலாசத்தில் இப்பத்துத் தூண்களே எஞ்சின. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது அரண்மனையின் பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியரின் பழங்கோட்டையை இடித்துப் பெருங்கோட்டை எடுத்தபோது, இடிக்காமல் விட்ட வாசலாதலின் அப்பெயர் பெற்றது.

அப்பெருங்கோட்டைக்கு 72 கொத்தளங்கள் இருந்தன என்பர். அதுவும் நிலைக்கவில்லை. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலெக்டர் பிளாக்பர்ன், மதிலுக்குள் நெருங்கிக் கிடந்த நகரை விரிக்கக் கருதினார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்போர்க்கு அந்நிலமே உரியதாகும் என அறிவித்தார். மக்கள் மூச்சுவிட இடம் கிடைத்தது, கோட்டை போயிற்று. இது தக்கதா என்று என்னைக் கேட்டால், அன்று அங்கே குடியிருந்தவனாயின் நானும் கடப்பாரை எடுத்திருப்பேன் என்றே சொல்வேன்.

அவ்வேலையின் வரலாறு தெருப் பெயர்களில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே அமைந்தது வெளி வீதி. அதற்கும் மாசி வீதிக்கும் இடையே, கிழக்கிலும் தெற்கிலும் மாரட் வீதி. வடக்கிலும் மேற்கிலும் பெருமாள் மேஸ்திரி வீதி. மாரட் வேலையை வகுத்த ஆங்கிலேயர். பெருமாள் ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி. கலெக்டருக்கு நகரத்தார் எழுப்பிய நினைவுச் சின்னமே நாம் புறப்பட்ட விளக்குத்தூண். மேஸ்திரிக்குத் தூணில்லை, ஆனால் முகவரி எழுதுவோர் இன்றும் அவர் பெயரை எழுதுகின்றனர்.

பெரியார் பேருந்து நிலையத்தருகே, மேல வெளி வீதியில், அக்கோட்டையின் ஒரு துண்டு இன்றும் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே அதனைக் காணப் போதும்.