எல்லைப்புறத்தில் லினக்ஸ்

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் எதிர்ப்படுவது பாறசாலை, அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை இராச்சியத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் அவ்வட்டத்துச் சிற்றூர்களில் இன்றும் வாழ்கின்றன. நாம் ஊரைவிட்டு வெளிமாநிலம் வந்தவர்கள். அவர்களோ இருந்த இடத்திலேயே இருந்தவர்கள். ஆயினும் வீட்டில் ஒரு மொழி, அலுவலகத்தில் வேறொரு மொழி என்னும் நிலை இரு சாராருக்கும் பொதுவானது.

அவ்வூர்ப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கணிப்பொறியைத் தொடும்பொழுது அதில் இயங்குவது லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை எழுதி வெளியிட்டார். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் அதனுடன் சேர்ந்து முழுமையான இயங்குதளம் ஆயிற்று. எவரும் இதனைப் பெறலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். கேரளத்தில் 2001-இல் தோன்றிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் பின்னர் இவ்வழியைத் தேர்ந்துகொண்டது. 2017-இல் அத்திட்டமே ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்பதை அனைவரும் கூறுவர். பயிற்சி பரவிய முறையையே நாம் பெரிதாக மதிக்கிறோம். பயிற்சி பெற்ற ஆசிரியர் பிற ஆசிரியர்க்குக் கற்பித்தார். 2018-இல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் தொடங்கியபின் மாணவரும் அப்பணியில் இறங்கினர். 2022-இல் தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்பைக் கற்பித்தவர்கள் இம்மாணவர்களே.

இயங்குதளத்தை நிறுவித்தரும் கூட்டங்கள் சிலவிடங்களில் நடைபெறுகின்றன. செப்டம்பர் மாதத்து மென்பொருள் சுதந்திர நாள் இதற்கு உகந்த தருணம். கற்க விரும்புபவர் தம் கணிப்பொறியைக் கொண்டுசெல்வார். பழகியவர் அருகில் அமர்வார். இங்கே ஒரு விதியை நாம் வற்புறுத்துவோம்: விசைப்பலகை கற்பவர் கையிலேயே இருத்தல் வேண்டும். உதவ வந்தவர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டால், கணிப்பொறி இயங்கும். உரியவர் ஒன்றும் அறியார்.

அண்டையில் அத்தகைய கூட்டம் இல்லாத நேயர்கள் என் செய்வது? முதலில் தம் கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். பிறகு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, வெறுமையான பென் டிரைவ் ஒன்றில் அதற்குரிய செயலியைக் கொண்டு எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்து ஒட்டினால் பயன்படாது. அந்தப் பென் டிரைவிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்கினால், எதையும் நிறுவாமலே லினக்ஸைப் பார்த்துவிடலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இணங்குகின்றனவா என்று இந்நிலையிலேயே சோதிப்பது நன்று. பழைய பொறியாயின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான முகப்பு போதும். நிறுவியபின் முனையச் சாளரத்தை நாள்தோறும் கால் மணி நேரம் திறந்து பழகலாம். எந்தக் கோப்புறையில் நிற்கிறோம், அதில் என்ன உள்ளது, வேறொன்றுக்கு எவ்வாறு செல்வது என்னும் மூன்றுமே முதல் வாரத்துக்குப் போதும். ‘மேன்’ என்று தட்டெழுதி இடம் விட்டுக் கட்டளையின் பெயரைத் தந்தால், அதன் கையேடு திரையில் விரியும்.

உதவி கேட்பதும் ஒரு பயிற்சியே. “கணிப்பொறி வேலை செய்யவில்லை” என்றால் எவரும் உதவ இயலாது. பொறியின் வகை, லினக்ஸின் பெயரும் பதிப்பும், தாம் செய்தது, திரையில் தோன்றிய செய்தியின் சொற்கள் ஆகியவற்றை மாற்றாமல் கூறவேண்டும். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. இத்தகைய குழுக்கள் வேறு பல நகரங்களிலும் உண்டு. உதவுபவர் தமிழறியாதவராயின், அப்பொழுதுமட்டும் திரைமொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்க. அவர் கூறும் பட்டியலும் நாம் காணும் பட்டியலும் ஒத்திருக்கும். பிறகு தமிழுக்குத் திரும்ப மறக்கலாகாது. அமைப்புகளில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தால், மடல் எழுதுவதும் தமிழிலேயே நடக்கும்.

மொழிபெயர்ப்பு நம் தொழிலாதலின் ஒன்று கண்ணை உறுத்துகிறது. ஒரே பட்டியலில் நான்கு வரி தமிழிலும் இரண்டு வரி ஆங்கிலத்திலும் நிற்கும். ஓரிடத்தில் ‘அடைவு’ என்றது மற்றோரிடத்தில் ‘கோப்புறை’ ஆகும். சம்பளம் பெறாத சிலர் ஓய்வு நேரத்தில் செய்த பணி அது; எஞ்சியது ஆளின்றிக் கிடக்கிறது. லினக்ஸின் பெரும்பாலான செயலிகளில், பெயர்க்கப்படாத சொற்றொடரை எவரும் பெயர்த்து அனுப்பலாம். பொறுப்பாளர் சரிபார்த்து ஏற்றபின் அது அடுத்த வெளியீட்டில் இடம்பெறும். தில்லியிலோ புனேயிலோ ஒரு மாலைப் பொழுதில் நாம் அனுப்பும் பத்து வரிகள், நாளடைவில் பாறசாலைப் பிள்ளையின் திரையிலும் தோன்றக்கூடும்.