மரமும் விசுவாச வாழ்வும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் முன்னோர் பிறருடைய தோப்புகளுக்குத் தண்ணீர் இறைத்தவர்கள். மரமும் அவர்களுடையதன்று, அதன் நிழலும் அவர்களுடையதன்று. ஆயினும், மனிதரையே மரங்களாக நட்டு வளர்க்கும் இறைவன் ஒருவர் உண்டு என்று திருமறை அவர்களுக்குக் கூறிற்று. அந்த நம்பிக்கையின் பிள்ளைகள் நாம்.

முதலாம் சங்கீதம் நல்லவனை நீரோடைக்கு அருகிலுள்ள மரத்திற்கு ஒப்பிடுகிறது. அம்மரம் தானே முளைத்ததன்று, ஒருவரால் நடப்பட்டது. அது எந்நாளும் காய்ப்பதுமன்று. தன் பருவத்தில் காய்ப்பது. இவ்விரண்டையும் நாம் மறத்தலாகாது.

92ஆம் சங்கீதம் நீதிமானுக்குப் பனையையும் லீபனோனின் கேதுருவையும் உவமை காட்டுகிறது. எபிரெய மூலத்தில் உள்ள 'தாமார்' என்னும் சொல் பேரீச்ச மரத்தைக் குறிக்கும். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது பனையாயிற்று. அதனால் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. பனங்கொட்டையை மண்ணில் இட்டால் அதன் முளை முதலில் மேலே வருவதில்லை. கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகிறது. மேலே நின்று பார்ப்பவனுக்கு வெறும் மண்ணே தெரியும். பின்பு அது பாளை விடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளோ, அதற்கு மேலோ ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பார்கள். ஜெபமும் திருமறை வாசிப்பும் இத்தகைய வளர்ச்சியே. கல்வியும் அவ்வாறே.

இனி, லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இயேசு பெருமான் கூறிய உவமைக்கு வருவோம். திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம். மூன்று ஆண்டுகள் வந்து பார்த்தும் கனி காணாத தோட்டத்தின் உரிமையாளர், அதை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டத்து வேலையாளோ, இன்னும் ஓர் ஆண்டு பொறுக்குமாறு மன்றாடுகிறான். வாயால் மட்டுமா மன்றாடினான்? சுற்றிலும் கொத்தி எருப் போடுவதாகத் தானே பொறுப்பும் ஏற்கிறான். மறு ஆண்டு மரம் காய்த்ததா என்பது உவமையில் சொல்லப்படவில்லை. அவ்விடையை நம்மிடமே விட்டுவிட்டார் ஆண்டவர்.

நம் பணிக்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பல வாரங்களாகப் பள்ளிக்கு வரவில்லை. செங்கல் சூளைக்குப் போய்விட்டான் என்றார்கள். பதிவேட்டில் அவன் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தோம். அப்பொழுது அவனுடைய தாய் வாசலில் வந்து நின்று, "ஐயா, இந்த ஒரு வருசம் பாருங்க, ராத்திரி நான் பக்கத்துல உக்காந்து படிக்க வைக்கிறேன்" என்றார். அந்த அம்மையார் எழுத்தறியாதவர். ஆனால் உவமையில் வரும் வேலையாளின் பேச்சை அவர் பேசினார். ஆசிரியராகிய நாமோ கோடரியைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அன்று அடைந்த வெட்கம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை. பேனாவை மூடினோம். அவன் நம் சங்கத்தின் இரவுப் பள்ளிக்கு வந்தான், தேறினான். இன்று இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறான். பெயரைச் சொன்னால் கூசுவான்.

இளைஞர்களே! கொத்தும்போது மண் அதிரத்தான் செய்யும். கண்டிப்பையும் தோல்வியையும் கண்டு சோர்ந்து படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஆலயத்தையும் விட்டு விலகாதீர்கள்.

படித்து வேலையில் அமர்ந்துவிட்ட உறுப்பினர்களே! 25 ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தை ஊன்றியவர்கள் பனை வைத்தவர்கள். அவர்களுள் சிலர் பார்க்காமலே போயினர். நுங்கு தின்பவர்கள் நாம். ஆகவே, வாரத்தில் இரண்டு மாலைகளை இரவுப் பள்ளிக்குத் தாருங்கள். பணம் கொடுப்பது எரு. வந்து அமர்ந்து சொல்லிக் கொடுப்பதே கொத்திவிடுதல். இரண்டும் வேண்டும்.

எந்தப் பிள்ளையையும் வெட்டிப் போடு என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. இன்னும் ஓர் ஆண்டு என்று கேட்கும் உரிமையே நமக்குண்டு. அதைக் கேட்பதற்கும், கேட்டபின் உழைப்பதற்கும் இறைவன் நமக்கு அருள் புரிவாராக!