கன்றின் காலடியில் படரும் கொடி



தஞ்சோங் ரம்புத்தானில் நின்று கிழக்கே பார்த்தால் தித்திவங்சா மலை தெரியும். அங்கிருந்து இறங்கும் கிந்தா ஆறு நம் ஊரைக் கடந்துதான் ஈப்போவுக்குப் போகிறது. இந்த மலையடிவாரமெங்கும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும், இரண்டு மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு மறுநடவு செய்யும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களை எண்ணியே இன்று கன்றுகளுக்கிடையே படரும் மூடுபயிர்க் கொடியைப் பற்றிப் பேச வந்தேன்.

என் சித்தப்பா மறுநடவு செய்தபோது ஒரு தவறு செய்தார். கொடி கன்றின்மேல் ஏறிவிட்டதைக் கண்டு, அதைப் பிடித்து இழுத்தார். கொடியோடு கன்றின் கொழுந்தும் ஒடிந்து கையோடு வந்தது. கோபத்தில் நிலம் முழுவதையும் வாசல் பெருக்கியதுபோல் சுரண்டி எடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்துப் பெய்த பெருமழையில் சரிவின் மேல்மண் கரைந்து ஓடையில் இறங்கிற்று. கன்றுகளின் வேர் வெளியே தெரிந்தது. ரப்பர்க் கன்று பால்வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து ஒரு காசு வராது. அப்படியிருக்கக் கன்று தேங்கிப் போனால் குடும்பத்தின் நிலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா செய்த இரண்டாவது தவற்றைப் பெரிய தோட்டங்களே முன்பு செய்தவைதாம். 1900-களின் தொடக்கத்தில் ரப்பர்க் காட்டில் ஒரு புல்லும் நிற்கக்கூடாது என்று ஆட்களை விட்டு வழித்தெடுத்தார்கள். மண் ஆற்றுக்குப் போன பிறகுதான் புத்தி வந்தது. 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிற்காலத்தில் அவரைக் குடும்பத்துக் கொடிகளை வளர்க்கச் சொல்லிற்று. பியூரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய மூன்றையும் கலந்து விதைப்பது வழக்கம். 1990-களில் இந்தியாவிலிருந்து வந்த முக்கூனா இப்போது செம்பனைத் தோட்டங்களில் பரவியிருக்கிறது. இக்கொடிகளின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை அது மண்ணில் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். லாலாங் புல்லையும் இக்கொடி அமுக்கி வைக்கும்.

ஆகவே கொடியை அழிக்க வேண்டாம். ஆனால் ஏறவும் விடலாகாது. கன்றைச் சுற்றி மூன்றடி வட்டம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த வட்டத்தின் ஓரத்தில் அரிவாளால் கொடியை நறுக்கிவிடுங்கள். முக்கூனாவாக இருந்தால் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். ஒரே நாளில் அரையடிகூட வளர்ந்துவிடும் கொடி அது! மண்வெட்டியால் வட்டத்தை ஆழமாகக் கொத்த வேண்டாம். கன்றின் இளவேர்கள் மேலாகவே ஓடுகின்றன.

கன்றைச் சுற்றிக்கொண்ட கொடியை என்ன செய்வது? அடியில் மட்டும் வெட்டிவிட்டுச் சும்மா இருங்கள். நாலைந்து நாளில் வாடித் தளர்ந்துவிடும். பிறகு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் மெல்லப் பிரித்தெடுக்கலாம். அவசரப்பட்டால் என் சித்தப்பாவின் கதைதான்.

வெட்டிய கொடியைக் கன்றின் அடியில் குவித்து வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஈரம் தங்கிப் பட்டை அழுகும். வெட்டிய துண்டின் கணுக்கள் ஈர மண்ணைத் தொட்டால் வேர் விட்டு மறுபடியும் முளைக்கும். அதனால் அவற்றை நிரைகளுக்கு நடுவே, படர்ந்திருக்கும் கொடியின் மேலேயே போடுங்கள். அங்கே மக்கி உரமாகும். வட்டம் வெறுமையாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளை வேர் நோய் வந்தால், கன்றின் கழுத்தை மண் விலக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நிரைகளின் நடுவே கொடி முழங்காலுக்கு மேல் போனால் மேலோட்டமாக அரிந்தால் போதும். மண் தெரியும்படி வழிக்கக்கூடாது. படி வெட்டிய சரிவில், படியின் முகப்பில் தொங்கும் கொடியைத் தொடவே வேண்டாம். மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலாய்க்காரர்கள் ‘செலாபுட் துங்குல்’ என்று சொல்லும் கொடியும் இவற்றுக்கிடையே புகுந்துவிடும். அது நம் கொடியல்ல. ரப்பரின் வளர்ச்சியையே கெடுப்பது. நம் கொடிகளில் ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். அதில் நெஞ்சு வடிவ இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். அதைக் கண்டால் தயங்காமல் வேரோடு பிடுங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அடர்ந்த கொடிக்குள் பாம்பும் குளவிக்கூடும் இருக்கக்கூடும். பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். முதலில் நீண்ட குச்சியால் தட்டிப் பார்த்த பிறகு கையை விடுங்கள். சிறு பிள்ளைகளை நிரையோரத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம்.

நான்கைந்து ஆண்டுகளில் மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி நிழல் விழும். முதலில் கலப்போகோனியம் மறையும். பிறகு பியூரேரியாவும் மெலியும். அதன்பின் அரிவாளுக்கு அதிக வேலை இராது. பால்வெட்டுக் கத்தியைத் தீட்ட வேண்டிய காலம் வந்துவிடும்.