இணையச் சந்தையும் சிறுவணிகரின் கட்டணக் கணக்கும்
(புலம்பெயர் பெற்றோர், இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த நாடுகளில் பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு சிறுவணிகமும் என வாழும் குடும்பங்கள் பல. சேலை, அணிகலன், பழைய நூல், கைபேசி உதிரிப்பாகம் என எதையேனும் இணையச் சந்தையில் விற்று வீட்டுக்கடனுக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ ஒரு தொகை சேர்க்கின்றனர். பொருளைத் தெரிவு செய்வது தாய், படமெடுத்துப் பட்டியலிடுவது மகன், பொதி கட்டுவது தந்தை. ஆனால் மாத இறுதியில் சந்தை நிறுவனம் அனுப்பும் கட்டணப் பட்டியலைப் படிப்பவர் யார்? பெரும்பாலும் எவருமில்லை. அந்தப் பட்டியலைப் பற்றியதே இவ்வுரை.

கட்டணம் எங்கே கூடுகிறது?

1995-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஈபே நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் கட்டண முறையில் இரு பெரும் கூறுகள் உண்டு. ஒன்று, பொருளைப் பட்டியலிடும் கட்டணம். மற்றது, பொருள் விற்ற பின் விலையில் விழுக்காடாக எடுக்கப்படும் இறுதி விற்பனைக் கட்டணம். இவற்றுடன் தலைப்பைத் தடித்த எழுத்தில் காட்டுவது, துணைத்தலைப்புச் சேர்ப்பது போன்ற விருப்ப வசதிகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

2008-ஆம் ஆண்டு ஈபே பட்டியலிடும் கட்டணத்தைக் குறைத்து, இறுதி விற்பனைக் கட்டணத்தை உயர்த்தியது. அமெரிக்காவில் ஏல விற்பனையின் முதற்படியில் 5.25 விழுக்காடாக இருந்தது 8.75 விழுக்காடாயிற்று. வாங்குவோரைப் பற்றி விற்போர் எதிர்மறைக் கருத்துப் பதியும் உரிமையும் அவ்வாண்டில் நீக்கப்பட்டது. சினமுற்ற விற்பனையாளர் பலர் பிப்ரவரியில் விற்பனையை நிறுத்திப் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினர்; கட்டண உயர்வு நிலைத்தே நின்றது. 2011-இல் அஞ்சல் செலவாக வாங்குபவர் தரும் தொகையின் மீதும் விழுக்காடு கணக்கிடும் முறை அமெரிக்காவில் வந்தது. விலையைக் குறைத்து அஞ்சல் செலவைக் கூட்டிக் காட்டும் விற்பனையாளரைத் தடுக்க அது தேவை என்பது நிறுவனத்தின் வாதம். ஆயினும், நேர்மையாக அஞ்சல் செலவை மட்டும் பெற்றவருக்கும் அது கூடுதல் சுமையே.

கட்டண உயர்வு வேறு, கட்டணப் பிணக்கு வேறு. அறிவித்து உயர்த்திய கட்டணத்தை எதிர்த்து வழக்காடுவது கடினம். அறிவிக்காமலோ தெளிவின்றியோ பிடித்த கட்டணத்துக்கே வழக்குமன்றத்தில் இடமுண்டு. இவ்வேறுபாட்டை இளையோர் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

வழக்குகள் சொல்லும் செய்தி

முதலாவது வழக்கு பேபால் நிறுவனத்துக்கு எதிரானது. தங்கள் கணக்குகள் முடக்கப்பட்டன, முறையீடுகள் உரியவாறு ஆராயப்படவில்லை எனப் பயனாளர் சிலர் கலிபோர்னியாவின் கூட்டாட்சி மன்றத்தை நாடினர். வழக்கு நீதிமன்றத்துக்கு வரக்கூடாது, ஒப்பந்தப்படி தனி நடுவரிடமே போகவேண்டும் என்றது நிறுவனம். 2002 ஆகத்தில் நீதிபதி செரமி போகல் அதை ஏற்க மறுத்தார். ஒரு பரிமாற்றத்தின் சராசரித் தொகை 55 டாலர்; அதற்காக ஒருவர் தனியாகச் செலவிட்டு, நிறுவனம் இருக்கும் ஊருக்குச் சென்று, நடுவர் முன் வழக்காட வேண்டும் என்பது நியாயமன்று என அவர் கண்டார். விதிகளை நிறுவனம் தானே மாற்றலாம், பணத்தைத் தானே முடக்கலாம், ஆனால் பயனாளர்கள் ஒன்றுசேரக் கூடாது என்ற ஒருதலைப்பட்சமும் அத்தீர்ப்பில் சுட்டப்பட்டது. 2004-இல் அவ்வழக்கு 92.5 இலட்சம் டாலருக்கு இணக்கமாக முடிந்தது.

இரண்டாவது, ஈபேயின் மீது 2011-இல் தொடுக்கப்பட்ட கட்டண வழக்கு. விற்பனையாளர் நிறுத்தும்வரை தொடரும் பட்டியல் அக்காலத்தில் ஒவ்வொரு 30 நாளுக்கும் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. விருப்ப வசதிகளுக்கான கட்டணமும் அவ்வாறே மீண்டும் மீண்டும் பிடிக்கப்பட்டது என்றும், அது தெளிவாக அறிவிக்கப்படவில்லை என்றும் வாதிகள் முறையிட்டனர். தவறேதும் ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் 3 கோடி டாலர் தர இணங்கியது. 2015-இல் நீதிமன்றம் அந்த இணக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு விற்பனையாளரும் இழந்தது சிறு தொகை. தனித்தனியே ஒருவரும் வழக்குரைஞரை அமர்த்தியிருக்க மாட்டார். சிறுதுளி பெருவெள்ளமானது நிறுவனத்தின் பெட்டியில் மட்டுமன்று. கூட்டு வழக்கிலும் அவ்வாறே ஆயிற்று.

ஆனால் அக்கதவு பின்னர் குறுகிவிட்டது. 2011-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் கைபேசி வழக்கில், கூட்டு வழக்கைத் தடுக்கும் நடுவர் விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே ஈபே தன் அமெரிக்கப் பயனாளர் ஒப்பந்தத்தில் நடுவர் விதியைச் சேர்த்தது. குறித்த நாளுக்குள் அஞ்சலில் மறுப்புக் கடிதம் அனுப்பியவருக்கு மட்டும் விலக்கு. அம்மின்னஞ்சலைப் படிக்காமல் அழித்தவர்கள் தம் உரிமையையும் சேர்த்தே அழித்தனர் எனலாம்.

கனடாவில் காற்று வேறு திசையில் வீசியது. ஊபர் ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், நெதர்லாந்தில் நடுவரிடம் செல்ல வேண்டும், அதற்கு முதலிலேயே 14,500 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும் என்ற விதியை 2020-இல் கனடிய உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. அது இணையச் சந்தை வழக்கன்று. ஆயினும் பேரம்பேச இடமில்லாத ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் எளியவர் எவருக்கும் அதன் பயன் உண்டு.

ஐரோப்பாவின் வழி

யேர்மனியின் போட்டிக் காப்பு ஆணையம் 2018 நவம்பரில் அமேசான் மீது விசாரணை தொடங்கியது. காரணமின்றி உடனே கணக்கை மூடும் அதிகாரம், வழக்கென்றால் லக்சம்பர்க் நீதிமன்றம் மட்டுமே என்ற விதி ஆகியவை முறைப்பாடுகளில் முதன்மையானவை. 2019 யூலையில் அமேசான் தன் விதிகளை மாற்ற இணங்கியது: ஒப்பந்தத்தை முடிக்க 30 நாள் முன்னறிவிப்பு, நீக்கத்துக்குக் காரணம், சில நிலைகளில் உள்நாட்டு நீதிமன்றத்துக்கும் வழி. வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்த தொகைக்கு விற்பனையாளர் எதிர்ப்புத் தெரிவிக்க 30 நாளும் கிடைத்தது.

அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1150 ஒழுங்குவிதி 2020 யூலை 12 முதல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் எளிய மொழியில் இருத்தல் வேண்டும். மாற்றங்களைப் பொதுவாக 15 நாள் முன்னரேனும் அறிவித்தல் வேண்டும். கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். பிரான்சு, யேர்மனி, நெதர்லாந்து முதலிய நாடுகளில் வணிகம் செய்யும் தமிழர் இச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே கடிதம் எழுதலாம். சுவிற்சர்லாந்து ஒன்றிய உறுப்பு நாடன்று. அங்குள்ளோர்க்கு இவ்விதி அவ்வாறே பொருந்தாது. பிரித்தானியாவிலோ, 2024 யூனில் தற்சார்புச் சில்லறை வணிகர் சங்கம் ஏறத்தாழ 35,000 வணிகர் சார்பில் அமேசானுக்கு எதிராக 110 கோடி பவுண் கோரும் வழக்கைத் தொடுத்தது. தனிமரம் தோப்பாகாது என்பதை வணிகர்கள் உணர்ந்ததன் அடையாளம் அது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கணக்கு யார் பெயரில் உள்ளது எனப் பாருங்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை பெற்றோர் பெயரிலுள்ள கணக்கை நடத்தினால், கட்டணமும் பொறுப்பும் பெற்றோரையே சேரும்.

2. மாதந்தோறும் கட்டணப் பட்டியலைத் தரவிறக்கிச் சேமியுங்கள். கணக்கு முடக்கப்பட்ட பின் உள்ளே சென்று எடுக்க இயலாமற் போகலாம்.

3. தானாகப் புதுப்பிக்கப்படும் பட்டியல்களை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். விற்பனை முறிந்தாலோ பணம் திருப்பித் தரப்பட்டாலோ, இறுதிக் கட்டணம் கணக்கில் திரும்ப வந்ததா எனப் பாருங்கள்.

4. தொலைபேசியில் வாதாடுவதோடு நில்லாதீர்கள். நாள், பொருள் எண், தொகை ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் முறையிடுங்கள். வழக்குக்கு முன் எழுத்து மூல அறிவிப்பு வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களின் விதி.

5. சினத்தில் வங்கிக்குச் சொல்லிப் பணம் செல்வதை நிறுத்தாதீர்கள். பிணக்கிலுள்ள 40 டாலருக்காகக் கடையே மூடப்படலாம். கடன் வசூலிப்பு நிறுவனமும் கதவைத் தட்டலாம்.

6. ஒப்பந்தம் மாறுகிறது என்ற மின்னஞ்சலைப் பிள்ளைகள் படித்துப் பெற்றோருக்குத் தமிழில் விளக்குங்கள். மறுக்கும் உரிமை இருப்பின் அதன் இறுதி நாளைக் குறித்து வையுங்கள்.

7. சிறு உரிமை மன்றங்களை அறிந்து வையுங்கள். இங்கிலாந்தில் பொதுவாக 10,000 பவுண் வரையும், ஒன்ராறியோவில் 2025 அக்டோபர் முதல் 50,000 டாலர் வரையும் அங்கு கோரலாம். வழக்குரைஞர் கட்டாயமில்லை. ஆயினும் ஒப்பந்தத்தின் நடுவர் விதியை முதலிற் படியுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. இணையச் சந்தையை வெறுத்து ஒதுக்க வேண்டியதில்லை. ஊரில் ஒரு கடை திறக்க வசதியற்றவருக்கும் அது உலகச் சந்தையைத் திறந்து வைத்தது. அளக்காமல் போடுவதே தவறு. மேலே கண்ட வழக்குகளைத் தொடங்கியவர்களுள் பெருஞ்செல்வர் அரியர். எளிய பயனாளரும் வணிகருமே பலர். பெற்றோரின் உழைப்பும் பிள்ளைகளின் மொழியறிவும் ஒரே மேசையில் அமரட்டும். இம்மாதப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்.