மலைவீட்டிற்கு ஒரு மின்பெட்டி



2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், மேற்கே கொடைக்கானல் மலையையும் விட்டுவைக்கவில்லை. மரங்கள் சாய்ந்தன, மின்கம்பிகள் அறுந்தன, மலையூர்கள் இருளில் ஆழ்ந்தன. அத்தகைய இரவில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு விளக்கும், உதவி கேட்க ஒரு கைப்பேசியும் வேண்டுமன்றோ? அதற்கெனவே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கைப்பெட்டிகள் இன்று விற்கின்றன. கடைத்தெருவில் இவற்றைப் 'பவர் ஸ்டேஷன்' என்பர். மின்கம்பி எட்டாத தோட்டத்து வீடுகளுக்கும் இவை துணையாகும்.

நான் முதலில் ஒன்று வாங்கியபோது, பெட்டியின் பருமனைப் பார்த்தேனேயன்றி என் தேவையை எண்ணிப் பார்க்கவில்லை. வெந்நீர் வைக்கும் ஹீட்டரைச் செருகினேன். பெட்டி உடனே நின்றுவிட்டது. குற்றம் பெட்டியினுடையதன்று, என்னுடையதே.

பெட்டியின்மீது இரண்டு எண்கள் இருக்கும். எவ்வளவு பெரிய கருவியை இயக்கலாம் என்பதை 'வாட்' கூறும். எவ்வளவு நேரம் இயக்கலாம் என்பதை 'வாட்-மணி' கூறும். முன்னது குழாயின் அகலம் போன்றது. பின்னது தொட்டியின் கொள்ளளவு போன்றது. என் பெட்டி தருவது 500 வாட்; ஹீட்டர் கேட்டதோ 1500 வாட்!

இனிக் கணக்கிடுவோம். 9 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரம் எரிய 180 வாட்-மணி. 5 வாட் வானொலி 4 மணி நேரம் பாட 20. இரண்டு கைப்பேசிகளுக்கு 30. ஆக, நாளொன்றுக்கு 230. மேகமூட்டத்தை எண்ணி இரண்டு நாளைக்கு 460 என்று கொள்வோம். இடையில் வீணாகும் பங்கையும் சேர்த்தால், ஏறக்குறைய 600 வாட்-மணி போதும்.

மேகமூட்டத்தை ஏன் எண்ண வேண்டும்? கதிரவனை ஆராய 1899-இல் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்ட மலைதான் இது. ஆயினும் மழைக்காலத்தில் மூடுபனி கவிந்தால், சூரியத் தகடு வெயில் நாளில் தருவதில் ஒரு சிறு பங்கையே தரும்.

அடுத்தது சுமை. கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் பொருள்களைச் சுமந்தே செல்ல வேண்டும். இவ்வளவு மின்சாரம் தரக்கூடிய ஈய பாட்டரி ஏறக்குறைய 30 கிலோ கனக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டியோ பத்துக் கிலோவுக்குள் அடங்கும். பல்லாயிரம் அல்லாவிடினும், இரண்டாயிரம் முறைக்குமேல் நிரப்பினாலும் உழைக்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதில் மின்னேற்றினால் கெட்டுவிடும். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் மேல்மலையில், பெட்டியை வீட்டுக்குள் வைப்பதே அறிவுடைமை.

உறுதியையும் எண்ணால் அறியலாம். 'ஐ.பி. 65' என்றிருந்தால், 6 தூசி புகாமையையும், 5 பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும்.

ஆகவே நண்பர்களே, கடைக்குப் போகுமுன் தாளும் எழுதுகோலும் எடுத்து அமருங்கள். அந்தக் கூட்டலும் பெருக்கலும் சரியாயிருந்தால், புயலடிக்கும் இரவிலும் உங்கள் வீட்டு விளக்கு எரியும்.