ஓசூரா, தங்கவயலா, பக்கத்து ஷோரூமா?



மர்பி டவுனில் ஒரு வீட்டில் முதல் கார் வாங்கப்போகிறார்கள் என்றால், அந்தச் செய்தி ஷோரூமுக்குப் போகுமுன்பே சொந்தக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஓசூரில் இருக்கிற சித்தப்பா, "இங்க வந்து எடுப்பா, டாக்ஸ் கம்மி" என்பார். தங்கவயலில் இருக்கிற மாமா, "கோலார் டீலர் நமக்குத் தெரிஞ்சவருதான், நான் பேசுறேன்" என்பார். வீட்டுக்காரருக்கோ ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் தினமும் கண்ணில் படுகிற ஷோரூம்தான் பழக்கம். இதில் எங்கே விலை கேட்பது, எங்கே வாங்குவது? நான் சொல்ல வந்தது இதுதான்: எத்தனை ஊரில் வேண்டுமானாலும் விலை கேளுங்கள். ஆனால் பெங்களூரில் ஓட்டப்போகிற காரை வெளி மாநிலத்தில் பதிவு செய்யாதீர்கள். வெளியூர் வேறு, வெளி மாநிலம் வேறு. பலர் இவை இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு சிக்கலில் மாட்டுகிறார்கள்.

முதலில் ஓசூரை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நம் தெருக்களில் டிஎன் 70 என்று தொடங்கும் வண்டிகள் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்; அது ஓசூர்ப் பதிவு. ஒரு காலத்தில் இதற்குக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. தமிழ்நாட்டில் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 10 சதவீதமாகத்தான் இருந்தது. கர்நாடகத்தில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 14 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ் தனி. 8 லட்சம் ரூபாய் காருக்கு ஓசூரில் 80,000 வரி கட்டினால் போதும் என்றபோது, இங்கே 1,24,320 கட்ட வேண்டியிருந்தது. நாற்பத்து நாலாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால் யாருக்கும் ஆசை வரும்.

2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை உயர்த்திவிட்டது. இப்போது அங்கே 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18, 20 லட்சத்தைத் தாண்டினால் 20. அதே 8 லட்ச ரூபாய் காருக்கு அங்கே 1,04,000. வித்தியாசம் இருபதாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. 12 லட்ச ரூபாய் காருக்குப் பார்த்தால், இங்கே 17 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 2,26,440, அங்கே 2,16,000. பத்தாயிரம்தான் மிச்சம். சித்தப்பா சொல்வது பழைய கணக்கு.

அந்த இருபதாயிரத்துக்கு ஈடாக என்ன கொடுக்கிறோம் என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, உரிமையாளர் குடியிருக்கும் இடமோ, தொழில் நடத்தி வண்டியை வழக்கமாக நிறுத்திவைக்கும் இடமோ உள்ள மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மர்பி டவுனில் குடியிருந்துகொண்டு சித்தப்பாவின் முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது பொய் வாக்குமூலம். உண்மையாகவே ஓசூரில் குடியிருந்து, பிறகு இங்கே மாறி வந்தால்கூட, 47ஆவது பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் வண்டி வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்து எண்ணை வாங்கியாக வேண்டும். அப்போது கர்நாடக வரியை இங்கே கட்டிவிட்டு, தமிழ்நாட்டில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்டு அந்த அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், இன்ஷூரன்ஸ் திருத்தம் என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். இருபதாயிரம் அதிலேயே கரைந்துவிடும்.

வெளி மாநில வண்டி இங்கே 30 நாளைத் தாண்டினாலே முழு வரி கட்ட வேண்டும் என்று கர்நாடக அரசு 2014இல் சட்டத்தைத் திருத்தியது. 2016இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு மாதத்துக்கு வந்து போகிறவரை வதைக்கிற சட்டம் அது, போனது நியாயம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பை, 'இனி எந்த மாநில எண்ணோடும் காலமெல்லாம் ஓட்டலாம்' என்று புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. 12 மாத விதி அப்படியே இருக்கிறது. 2025 பிப்ரவரியில் போக்குவரத்துத் துறை பெங்களூரில் ஏறத்தாழ 30 சொகுசுக் கார்களைப் பிடித்து நிறுத்தியது இந்த விஷயத்தில்தான்.

ஊர் ஊராக மாற்றலாகிறவர்களுக்கு நேரான வழி ஒன்று உண்டு. நம் பகுதியில் எம்.இ.ஜி. படைப்பிரிவில் பணியாற்றுகிறவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இராணுவத்தினரும் அரசு ஊழியர்களும் 2021 செப்டம்பர் முதல் பிஎச் வரிசை எண் வாங்கலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை.

இனி மாமா சொன்ன கோலார், தங்கவயல் பக்கம் வருவோம். தும்கூரும் மைசூரும் இதில் சேர்த்திதான். இங்கேதான் பேரத்துக்கு உண்மையான இடம் இருக்கிறது. மாநிலம் ஒன்றே என்பதால் வரி ஒன்றுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாநிலத்துக்குள் எந்தப் பதிவு அலுவலகத்தில் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று சட்டமும் இளகிவிட்டது. கடன் கொடுக்கும் வங்கிக்கு டீலர் எந்த ஊரில் இருந்தாலும் பொதுவாகக் கவலையில்லை. "வெளியூரில் வாங்கினால் இங்கே சர்வீஸ் பண்ண மாட்டார்கள்" என்று ஷோரூமில் சொல்வார்கள், நம்பாதீர்கள். வாரண்டி கொடுப்பது கார் கம்பெனி. அதன் அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டறையிலும் வேலை நடக்கும்.

கோலார் டீலரால் எப்படிக் குறைத்துக் கொடுக்க முடிகிறது? பெங்களூரில் பெரிய சாலையில் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கொடுக்கிற வாடகை அங்கே இல்லை. ஆனால் மாதத்துக்கு இத்தனை வண்டி விற்க வேண்டும் என்ற டார்கெட் அவருக்கும் உண்டு. அதை எட்டினால்தான் கம்பெனியிடமிருந்து ஊக்கத்தொகை வரும். மாதக் கடைசியில் இரண்டு வண்டி குறைகிறது என்றால், பெங்களூரிலிருந்து வருகிற ஒரு போன் அவருக்குப் பெரிய விஷயம். அதே சமயம் நீங்கள் கேட்கிற நிறமும் மாடலும் அவரிடம் இல்லாமல் போகலாம்.

உள்ளூரிலேயே நான்கு ஷோரூம் ஏறி இறங்கினாலும் அதே தள்ளுபடியையே சொல்கிறார்களே என்று உங்களில் பலருக்குத் தோன்றியிருக்கும். அதற்கும் ஒரு பின்னணி உண்டு. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குறித்த அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று டீலர்களைக் கட்டுப்படுத்தியது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பிச் சோதித்தது, மீறியவர்களுக்குத் தண்டம் போட்டது என்பவை ஆணையம் கண்டவை. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு எப்படி முடிந்தாலும், அந்த உத்தரவை வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எதிரே உட்கார்ந்து "இதுக்கு மேல முடியாது சார்" என்கிற விற்பனையாளத் தம்பி எப்போதும் பொய் சொல்வதில்லை. ரொக்கத் தள்ளுபடியில் சில சமயம் அவர் கை உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் நாம் பேச வேண்டிய இடம் வேறு.

எந்த இடம் என்பதை எங்கள் தெருவில் தையல் யூனிட் நடத்துகிற ஒரு அக்கா எனக்குக் காட்டினார். வேலை முடிந்த பிறகு, துணி வெட்டுகிற மேஜையில் இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தார். ஒன்று பக்கத்து ஷோரூமில் கொடுத்த தாள். இன்னொன்று கோலார் டீலர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது. அதைப் பிரிண்ட் எடுத்திருந்தார். அளவெடுக்கிற ஸ்கேலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டே வந்தார். எக்ஸ்ஷோரூம் விலை ரூபாய் மாறாமல் ஒன்று. வரி ஒன்று. பதிவுக் கட்டணம் 600, கடன் பதிவு 1,500, அதுவும் ஒன்று. வித்தியாசம் முழுக்க அதற்குக் கீழே இருந்தது: இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ்.

மறுநாள் அந்தத் தாள்களோடு பக்கத்து ஷோரூமுக்குப் போனார். "தம்பி, இந்த ஹேண்ட்லிங் எதுக்கு? கவர்மென்ட்டுக்குப் போகுதா? ரசீதுல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். தம்பி உள்ளே போய் மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வரி அடிக்கப்பட்டது. அப்படி ஒரு கட்டணம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கிடையாது. கேட்டால் போய்விடும், கேட்காவிட்டால் நிற்கும்.

இன்ஷூரன்ஸில்தான் பணம் அதிகம். புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரில் வந்தது. அந்தத் தொகை எங்கே வாங்கினாலும் ஒன்றே. ஆனால் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதியில் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். டீலருக்கு அதில் பங்கு உண்டு என்பதால் அவர் காட்டுகிற பாலிசி மலிவானதாக இருக்க வேண்டியதில்லை. நமக்குப் பிடித்த கம்பெனியைத் தேர்ந்தெடுக்க உரிமை உண்டு. "இங்கயே இன்ஷூரன்ஸ் எடுத்தாத்தான் தள்ளுபடி" என்றால், வெளியே வாங்கிய விலையைக் காட்டி, "இந்த ரேட்டுக்கு நீங்களே குடுங்க, உங்ககிட்டயே எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். அக்கா அப்படித்தான் செய்தார். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், பாடி கவர் என்று கட்டிவைத்த பொட்டலத்திலும் தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டார். கடைசியில் கோலார் விலைக்கும் பக்கத்து ஷோரூம் விலைக்கும் இரண்டாயிரம் சொச்சம்தான் வித்தியாசம். டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து காட்டியவர்கள் இவர்கள்தானே என்று பக்கத்திலேயே வாங்கினார்.

அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கடையில் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊரில் வாங்குவது சரியில்லை. வெளியூர் விலையை இவர்களிடம் காட்டி, இறங்கிவர ஒரு வாய்ப்பு கொடுங்கள். இறங்காவிட்டால் தாராளமாகக் கோலாருக்குப் போங்கள்.

போனில் சொல்கிற விலையை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். தாளில் வரிவரியாக, டீலர் பெயரோடு வாங்குங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஆன்ரோடு விலை, தள்ளுபடி, டெலிவரி தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி அந்தக் குறைப்பையே தள்ளுபடியாகச் சொல்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, இதைப் பதிவுக்கு முன் செய்ய வேண்டும். உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, அது நிற்கிற யார்டுக்கே போய்ப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். படிவம் 22இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். போன ஆண்டு வண்டியாக இருந்தால் அதற்குத் தனித் தள்ளுபடி கேட்பது உங்கள் உரிமை. பெயின்ட், டயர், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் பாருங்கள். ஏதாவது குறை தெரிந்தால் வேறு வண்டி கேளுங்கள். பதிவு எண் விழுந்த பிறகு அந்த வண்டி உங்களுடையது; திருப்பிக் கொடுப்பது பெரும்பாடு. கோலாரில் வாங்கினாலும் இதற்காக ஒருமுறை நேரில் போகத்தான் வேண்டும். முடியாவிட்டால் மாமாவை அனுப்புங்கள், சேசிஸ் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.