காவிரி என்று ஒரு இன்ஜின்

(கீழத்தஞ்சைச் சேரி ஒன்றில், மாலைப்பள்ளி மாணவர் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)



விமான ஆராய்ச்சி பத்திப் பேசப் போறேன்னு சொன்னதும், பின்னாடி உட்கார்ந்திருக்கிற பெரியப்பா ஒருத்தர், "நமக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்? கூலியப் பத்திப் பேசு" என்றார். நியாயமான கேள்வி. கூலி கேட்டதுக்காக 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரைக் குடிசையோட வச்சு எரிச்ச மண்ணு இது. இந்த மண்ணுல நின்னு விமானம் பத்திப் பேசறது ஆடம்பரமா? இல்லைன்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன்.

நம்ம ஆத்தோட பேருல ஒரு இன்ஜின் இருக்கு. காவிரி இன்ஜின். தேஜஸ் போர் விமானத்துக்காக 1989இல் ஒன்றிய அரசு 382 கோடியே 81 லட்சம் ரூபாய் ஒதுக்கி, பெங்களூரில் இருக்கிற கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தது. செலவு 2,000 கோடியையும் தாண்டியது. எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்கவில்லை. 2008இல் காவிரியை தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றைக்கும் தேஜஸ் பறப்பது அமெரிக்க இன்ஜினில்தான். 2010இல் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்தில் மாட்டிக் காவிரியைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். அந்த வேலை வீண்போகவில்லை. ஆளில்லா விமானத்துக்கு அதே இன்ஜினை மாற்றியமைக்கும் முயற்சி நடக்கிறது. இந்தப் பணமெல்லாம் யாருடையது? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுற நம்ம பணமும் அதுல இருக்கு.

அப்படி என்ன கஷ்டமான வேலை அது? ஜெட் இன்ஜினுக்குள்ள டர்பைன் பிளேடுன்னு ஒண்ணு சுத்துது. அதுமேல வந்து மோதுற வாயுவின் சூடு 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல். பிளேடு செஞ்சிருக்கிற நிக்கல் கலப்புலோகமோ 1,300, 1,350 டிகிரியிலேயே உருக ஆரம்பிச்சிரும். உருகிப்போற சூட்டுல நின்னுக்கிட்டு உருகாம சுத்தணும். மூணு விஷயம் அதைக் காப்பாத்துது.

ஒண்ணு, உலோகம். சாதாரணமா வார்த்தா உள்ளே சின்னச்சின்னப் படிகங்கள் வயல்வயலா இருக்கும்; நடுவுல எல்லைகள் வரப்பு மாதிரி ஓடும். சூட்டுல இழுபடும்போது அந்த வரப்புலதான் விரிசல் விழும். அதனால வரப்பே இல்லாம, முழுப் பிளேடையும் ஒரே படிகமா வார்க்கிறாங்க. உலகத்துல சில நாடுகளுக்குத்தான் இது கைவந்திருக்கு. ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் 2021இல்தான் ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக இப்படி 60 பிளேடுகளைச் செஞ்சு கொடுத்தது.

ரெண்டு, மேல்பூச்சு. பிளேடு மேல சிர்கோனியா என்ற பீங்கான் பொருளைப் பூசுறாங்க. கனம் ஒரு மில்லிமீட்டரில் கால்பங்கு இருக்கும், அவ்வளவுதான். அது உலோகத்துக்குப் போற சூட்டை நூறு டிகிரிக்கும் மேல குறைச்சிரும். சிர்கோனியாவுக்கு மூலம் சிர்கான் மணல். நம்ம குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. சூட்டுல உலோகம் விரியும், பீங்கான் அந்த அளவுக்கு விரியாது. அதனால ஈரச்சுவருல அடிச்ச சுண்ணாம்பு மாதிரி பேர்ந்து விழும். அதைத் தடுக்க நடுவில் வேறொரு உலோகப்பூச்சு, சிர்கோனியாவோடு இட்ரியா என்ற கலவை. இதுக்கு மேல, காத்துல வர்ற தூசி மணல் உருகி உள்ளே இறங்கினா பூச்சு வெடிச்சிரும். இத்தனைக்கும் மருந்து தேடுறதுதான் அந்த ஆராய்ச்சி.

மூணாவது காற்று. பிளேடில் ஊசித்துளைகள் போட்டு, அது வழியா சூடு குறைஞ்ச காற்றை விடுறாங்க. அது மேலே போர்வை மாதிரி படிஞ்சு ஓடணும். வேகமா விட்டா பிளேடை விட்டு எழும்பிரும். அடியில சூடு புகுந்துரும். நாத்தங்கால்ல தண்ணி விட்டவங்களுக்கு இது புரியும். வேகமா திறந்தா விதை அடிச்சுக்கிட்டுப் போயிரும். மெதுவா, பரவலா விடணும்.

எங்க அப்பா பண்ணையில் தண்ணி கட்டுனவர். ராத்திரியில மடையில் காலை வச்சே எவ்வளவு தண்ணி போகுதுன்னு சொல்லுவார். கரையோரம் மெதுவா, நடுவில வேகமா ஓடுறதும், போட்ட கட்டிக்குப் பின்னால சுழிச்சு மண்ணை அரிக்கிறதும் அவருக்குத் தெரியும். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1883இல் கண்ணாடிக் குழாய்த் தண்ணியில சாயம் விட்டு, ஓட்டம் எப்போ சீரா இருக்கு, எப்போ கலங்குதுன்னு கணக்காக்கினார். தண்ணிக்கும் காத்துக்கும் ஒரே கணக்கு பொருந்தும்.

இதைச் சொல்லி எங்க அப்பாவை விஞ்ஞானி ஆக்க வரலை. அது நம்மை ஏமாத்திக்கிறது. மடை தெரிஞ்சவருக்குக் கணக்கு கிடைக்கவிடாம செஞ்சாங்க என்பதுதான் நான் சொல்ல வந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த ஊர்ல பள்ளிக்கூடம் எங்கே இருந்தது?

உமியைப் பாருங்க. நெல்லு எடையில அஞ்சுல ஒரு பங்கு உமி. எரிச்சா வர்ற சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எரிக்காம, காத்துப் படாம 1,400 டிகிரிக்கு மேல சூடாக்கினா உமியில இருக்கிற கரியும் சிலிக்காவும் சேர்ந்து சிலிக்கன் கார்பைடு ஆகும். 1970களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். உமியிலிருந்து வர்ற அந்த மயிரிழைகளைச் சேர்த்துச் செய்த வெட்டுக்கருவிகள்தான் ஜெட் இன்ஜினின் கடினமான நிக்கல் உலோகத்தையே சீவுது. சோழமண்டல அரிசி ஆலைகள்ல மலைமலையா கிடக்குற உமி! அள்ளுற கை நம்மளது. அந்தப் படிப்பு யாருடையது?

1993இல் கிரையோஜெனிக் ராக்கெட் தொழில்நுட்பத்தை ரஷ்யா இந்தியாவுக்குக் கொடுக்கவிடாம அமெரிக்கா தடுத்தது. 'தொழில்நுட்ப மறுப்பு' என்று டெல்லியில் கொதித்தார்கள். சரியான கோபம்தான். அறிவைப் பூட்டி வச்சுக்கிட்டு, உனக்குத் தகுதியில்லைன்னு சொல்றது அநியாயம்தான். ஆனா அதே டெல்லி உள்நாட்டில் என்ன செய்யுது? 1975 ஜூனில் ஓர் ஆணை. குரூப் ஏ பிரிவின் அடிப்படிக்கு மேல, ஆராய்ச்சி செய்கிற, வழிநடத்துகிற அறிவியல் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கொடுக்கலாம் என்றது. 2006ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கைச் சட்டத்திலும், 2019ஆம் ஆண்டு ஆசிரியர் பணிச் சட்டத்திலும் ஒரு பட்டியல் இருக்கு. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், பெங்களூர் ஜவாகர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம் போன்றவற்றுக்கு இடஒதுக்கீடு பொருந்தாதாம். அந்தப் பெங்களூர் மையத்தில் நடப்பது பாய்ம இயக்கவியல் ஆராய்ச்சியும்தான், அதாவது தண்ணியும் காத்தும் ஓடுற கணக்கு. காரணம் கேட்டா 'உன்னதம்' என்கிறார்கள். தகுதி, திறமை என்ற அதே பழைய பாட்டு. வாசலைத் திறந்துவிட்டு மாடிப்படியை எடுத்துக்கிட்டா, அதுக்குப் பேர் தொழில்நுட்ப மறுப்பு இல்லையா?

அம்பேத்கரை நினைச்சுப் பாருங்க. 1927இல் மகாத் குளத்தில் தண்ணி எடுத்துக் குடிக்கும் உரிமைக்காக நின்றவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் அப்போது உருவானது. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி 1945இல் தொடங்கப்பட்டது. தண்ணியைத் தொடாதேன்னு சொல்லப்பட்டவர் ஆறுகளைத் திட்டமிட்டார். தொடும் உரிமையோடு நின்றுவிடாமல், திட்டமிடும் உரிமையையும் கையில் எடுத்தார்.

பெரியப்பா, கூலிக்கான போராட்டத்தை விடச் சொல்லவில்லை. கூலி இல்லாம பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. அதோட இதையும் சேர்த்துக் கேட்போம்: அந்த 1975 ஆணையையும் இரண்டு சட்டங்களின் விலக்குப் பட்டியலையும் ரத்து செய், ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனத்திலும் எந்தப் படியில் எத்தனை தலித்துகள் என்று ஆண்டுதோறும் வெளியிடு.

தம்பி தங்கச்சிகளே, பிளஸ் டூவில் கணக்கையும் இயற்பியலையும் பயந்துக்கிட்டு விட்டுராதீங்க. அது நமக்கு வராதுன்னு யாராவது சொன்னா, மடைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் அந்தத் தண்ணியோட வேகத்தைச் சொல்லச் சொல்லுங்க. ஜெய்பீம்.